ஷாக்கிள்டனின் இன்னொரு கப்பல்

மேலாண்மைப் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு எர்னஸ்ட் ஷாக்கிள்டன் வற்றாத ஊற்று. அண்டார்க்டிகாவைக் குறுக்காகக் கடக்கப் போனார். எண்டூரன்ஸ் கப்பல் பனியில் நசுங்கி மூழ்கியது. ஒன்றேமுக்கால் ஆண்டு பனியிலும் கடலிலும் அல்லாடிய பிறகு அத்தனை பேரையும் உயிரோடு மீட்டார். 2001இல் மார்கோ மோரெலும் ஸ்டெஃபனி கேப்பரெலும் எழுதிய ‘ஷாக்கிள்டன்ஸ் வே’ இந்தக் கதையை நிர்வாகப் பாடமாகவே வகுத்துத் தந்தது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலிலும் இந்தக் கதை பாடமாக இருக்கிறது. ஒருவரைக்கூட இழக்காத தலைவர் என்பதுதான் இந்த வகுப்புகளின் முத்தாய்ப்பு. அது பாதி உண்மை. ஷாக்கிள்டனின் பயணத்தில் இரண்டு கப்பல்கள் இருந்தன. இன்னொரு கப்பலில் போனவர்களில் மூன்று பேர் திரும்பவில்லை.

நெடும்பயணங்களிலிருந்து தலைமையைக் கற்கும் வழக்கத்தை நான் மதிக்கிறேன். அதனாலேயே அது எங்கே கோணிப்போகிறது என்று பார்ப்பது அவசியமாகிறது.

அதன் வலு எங்கே இருக்கிறது? 1914 டிசம்பர் 5 அன்று எண்டூரன்ஸ் தெற்கு ஜார்ஜியாத் தீவிலிருந்து கிளம்பியது. 1915 ஜனவரியில் வெடல் கடலின் பனியில் சிக்கியது. அக்டோபர் 27 அன்று கப்பலைக் கைவிட்டு 28 பேரும் பனிப்பாளத்தில் இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான சொந்தப் பொருளைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஷாக்கிள்டன். தன்னிடமிருந்த தங்கக் காசுகளை எல்லார் கண்முன்னாலும் பனியில் வீசினார். ஆனால் லியனர்ட் ஹஸ்ஸியின் பாஞ்சோ ஐந்து கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதை விட்டுவிட வேண்டாம், இனிமேல்தான் அது தேவைப்படும் என்று சொல்லி எடுத்துக்கொள்ள வைத்தார். உறக்கப்பைகளில் உரோமத்தால் ஆனவை 18தான், மற்றவை கம்பளி. குலுக்கிப் போட்டதில் கம்பளிப் பைகள் பெரும்பாலும் அதிகாரிகளுக்கே வந்தன. குலுக்கலில் ஏதோ கைவேலை இருந்தது மாலுமிகளுக்கும் புரிந்தது. புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி தன்னை முக்கியமானவராகக் கருதியவர். மனம் கசந்தால் கூட்டம் சேர்க்கக்கூடியவர். ஷாக்கிள்டன் அவரைத் தன் கூடாரத்திலேயே வைத்துக்கொண்டார். படகில் யாராவது ஒருவர் குளிரில் தளர்வது தெரிந்தால் எல்லாருக்கும் சூடான பால் காய்ச்சச் சொல்வார். தளர்ந்தவருக்குத் தன்னால்தான் இது என்று தெரியாது.

இவை பொன்மொழிகளாகச் சொல்லப்பட்டவை அல்ல, செய்யப்பட்டவை. ஒரே நாளைப் பற்றி நான்கைந்து பேர் தனித்தனியாக நாட்குறிப்பு எழுதியிருப்பதால் சரிபார்க்கவும் முடிகிறது. அலுவலகத்தில் ஒரு முடிவின் விளைவு தெரிய மூன்று ஆண்டு ஆகலாம். அதற்குள் முடிவெடுத்தவர் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். பனிப்பாளத்தில் காலையில் எடுத்த முடிவுக்குச் சாயங்காலப் பசி பதில் சொல்லிவிடும். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே இவ்வளவு குறைந்த தூரம் வேறெங்கும் கிடைப்பதில்லை. அடுத்தவரின் உடம்பையும் மனத்தையும் ஒரு தலைவர் எவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்க முடியும் என்பதற்கு எண்டூரன்ஸை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கோணல் அடுத்த படியில் தொடங்குகிறது. எல்லாரும் பிழைத்தார்கள், ஆகவே எடுத்த முடிவுகள் எல்லாம் சரி என்று முடிவிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறோம். அந்த ஆண்டு வெடல் கடலில் பனி மிக அதிகம் என்று தெற்கு ஜார்ஜியாவின் திமிங்கில வேட்டைக்காரர்கள் எச்சரித்திருந்தார்கள். ஒரு மாதம் காத்திருந்துவிட்டு அவர் கிளம்பினார். ஆபத்தில் காட்டிய திறமைக்கு ஒரு பாடம் எழுதும்போது, அந்த ஆபத்துக்குள் ஆட்களைக் கொண்டுபோன முடிவுக்கும் ஒரு பாடம் எழுத வேண்டாமா? பனியிலிருந்து படகுகளில் தப்பி வந்து சேர்ந்த எலிஃபன்ட் தீவில் 1916 ஏப்ரல் 24 அன்று 22 பேரை விட்டுவிட்டு, ஏழு மீட்டர்கூட இல்லாத ஜேம்ஸ் கேர்ட் படகில் ஆறு பேர் உதவி தேடித் தெற்கு ஜார்ஜியாவுக்கு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் கடந்தார்கள். பதினாறு நாளில் நான்கே தடவைதான் எண்டூரன்ஸின் கேப்டன் ஃபிராங்க் வொர்ஸ்லியால் சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட முடிந்தது. கணக்கு சற்றே பிசகியிருந்தால் படகு தெற்கு அட்லாண்டிக்கில் காணாமல் போயிருக்கும். அதே துணிவை இன்று மடத்தனம் என்று எழுதிக்கொண்டிருப்போம்.

ஆபத்தான பயணத்துக்கு ஆள் தேவை என்று ஷாக்கிள்டன் கொடுத்ததாகச் சொல்லப்படும் பத்திரிகை விளம்பரமும் இந்த வகுப்புகளில் தவறாமல் காட்டப்படுகிறது. எத்தனையோ பேர் தேடியும் எந்தப் பழைய செய்தித்தாளிலும் அது கிடைக்கவில்லை. கிடைக்காத ஒன்றை ஆதாரம் போலத் திரையில் காட்டுவது எனக்கு வருத்தமளிக்கிறது. மெய்யான கதையே போதுமான அளவு பெரியது.

எதிர்த்துப் பேசுகிறவரை என்ன செய்வது என்ற கேள்வியில் இந்தப் பாடங்கள் மிகவும் தடுமாறுகின்றன. கப்பல் தச்சர் ஹாரி மெக்னிஷ் 1915 டிசம்பர் 27 அன்று, படகுகளை இழுத்துக்கொண்டு இந்தப் பனியில் மேலே வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். கப்பல் மூழ்கியதோடு ஒப்பந்தமும் முடிந்தது என்பது அவர் வாதம். ஷாக்கிள்டன் எல்லாரையும் கூட்டி ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டி அடக்கினார். கிளர்ச்சியைத் தலைவர் உறுதியோடு முறியடித்த கட்டம் என்று பயிற்சியாளர்கள் இதைச் சொல்வார்கள். அடுத்த சில நாள்களில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பனி தாங்காது என்று கண்டு ஷாக்கிள்டனே அந்த நடையைக் கைவிட்டார்.

பிறகு எலிஃபன்ட் தீவில் ஜேம்ஸ் கேர்டின் பக்கங்களை உயர்த்தி, வண்டிச் சட்டங்களையும் பெட்டி மூடிகளையும் பரப்பி, மேலே கித்தான் போர்த்தி, இடுக்குகளை விளக்குத் திரியாலும் ஓவியரின் எண்ணெய்ச் சாயத்தாலும் சீல் இரத்தத்தாலும் அடைத்தவர் அதே மெக்னிஷ். தெற்கு ஜார்ஜியாவின் மலைகளை ஷாக்கிள்டனும் வொர்ஸ்லியும் டாம் கிரீனும் கடந்தபோது வழுக்காமல் இருக்கப் பூட்ஸின் அடியில் பதிக்கப்பட்டவை அந்தப் படகின் திருகாணிகள். ஊர் திரும்பியதும் துருவப் பதக்கம் மறுக்கப்பட்ட நால்வரில் மெக்னிஷும் ஒருவர். இது பெரிய அநீதி என்று பயணத்தின் மருத்துவர் மாக்லினே பின்னாளில் கருதினார். அதற்குச் சில ஆண்டு முன்பு நார்வேக்காரர் அமுண்ட்சனின் குழுவிலும் எதிர்த்துப் பேசியவருக்கு இதே கதிதான். 1911 செப்டம்பரில் பருவத்துக்கு முன்பே தென்துருவத்துக்குக் கிளம்பி, குளிர் தாங்காமல் முகாமுக்குத் திரும்பியபோது அவர் பின்னால் வந்தவர்களை விட்டுவிட்டு விரைந்தார். பின்தங்கிய இளைஞரை ஹால்மர் யோஹான்சன் கொண்டுவந்து சேர்த்தார். எல்லார் முன்னிலையிலும் தலைவரின் தவறைச் சொன்னார். துருவத்துக்குப் போகும் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். திட்டமிடலுக்கு இலக்கணம் என்று அமுண்ட்சனைக் காட்டும் வகுப்பில் யோஹான்சன் பெயரும் வர வேண்டும்.

இனி இரண்டாவது கப்பல். கண்டத்தைக் கடக்கும் குழுவால் முழுத் தூரத்துக்கான உணவையும் சுமக்க முடியாது. பயணத்தின் கடைசிப் பகுதிக்கு மறுகரையான ராஸ் கடலிலிருந்து உணவுக் கிடங்குகள் வைத்துக்கொண்டே வர வேண்டும். அந்தப் பொறுப்பு அரோரா கப்பலுக்கும் அதன் தலைவர் ஈனியஸ் மாக்கின்டாஷுக்கும். ஆஸ்திரேலியாவுக்கு வந்து பார்த்தால் கப்பல் பழுது, பணமும் போதவில்லை. ஒதுக்கியிருந்த 2,000 பவுண்டை ஷாக்கிள்டன் 1,000 ஆகக் குறைத்தார். மீதியை நன்கொடையாகவும் கப்பலை அடகு வைத்தும் திரட்டிக்கொள்ளச் சொன்னார். இதைவிடக் கொடுமை அடுத்தது. முதல் பருவத்திலேயே கடந்து வரக்கூடும் என்று மாக்கின்டாஷிடம் சொல்லியிருந்தார் ஷாக்கிள்டன். அது நடக்காது என்று தெற்கு ஜார்ஜியாவை விட்டுக் கிளம்பும்போதே அவருக்குத் தெரியும். மாக்கின்டாஷுக்குத் தெரியாது. வராத ஆட்கள் பட்டினி கிடப்பார்களே என்ற பதைப்பில், நாய்கள் குளிருக்குப் பழகவில்லை என்று குழுவிலிருந்த எர்னஸ்ட் ஜாய்ஸ் தடுத்தும் கேளாமல், 1915 ஜனவரியிலேயே உள்ளே விரைந்தார். கூட்டிப்போன பத்து நாய்களும் செத்தன.

அந்த மே மாதம் புயலில் நங்கூரம் அறுந்து அரோரா கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டது. பெரும்பாலான துணிமணியும் சாமான்களும் கப்பலிலேயே இருந்தன. கரையில் சிக்கிய பத்துப் பேர், முந்தைய பயணத்தில் ஸ்காட் விட்டுப்போன பழைய கூடாரக் கித்தானைக் கால்சட்டையாகத் தைத்தார்கள். மரத்தூளும் தேயிலையும் காபித்தூளும் கலந்து புகையிலைக்குப் பதிலாகப் புகைத்தார்கள். நான்கு நாய்களை வைத்துக்கொண்டு, பியர்ட்மோர் பனியாற்றின் அடிவாரத்தில் மவுண்ட் ஹோப் வரை எல்லாக் கிடங்குகளையும் 1916 ஜனவரிக்குள் வைத்து முடித்தார்கள். ஷாக்கிள்டனின் கப்பல் மூழ்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. திரும்பும் வழியில் ஸ்கர்வியால் விழுந்த ஆர்னல்ட் ஸ்பென்சர்-ஸ்மித்தை வண்டியில் வைத்து வாரக்கணக்கில் இழுத்தார்கள். மார்ச்சில் அவர் இறந்தார். மே 8 அன்று மாக்கின்டாஷும் விக்டர் ஹேவர்டும் புதிதாக உறைந்த கடல்மேல் நடந்து போய்த் தொலைந்தார்கள்.

இரண்டு குழுக்களுக்கும் தலைவர் ஒருவரே. அவருடைய குணமும் அதேதான். அவர் கூடவே இருந்து, ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு, முகம் பார்த்து நடத்திய இடத்தில் யாரும் சாகவில்லை. கடிதத்தாலும் பணத்தாலும் கட்டளையாலும் நடத்த வேண்டியிருந்த இடத்தில் தடுமாறினார். கப்பல் அறுந்துபோனதற்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது. அரைகுறைப் பணத்துக்கும் திருத்தப்படாத தகவலுக்கும் அவரே பொறுப்பு. ஆயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்தின் தலைவர் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து பாஞ்சோவையும் சூடான பாலையும் குறித்துக்கொள்கிறார். அவருடைய அன்றாடமோ முழுக்க முழுக்க ராஸ் கடல் போன்றது: தான் பார்க்காத ஆட்கள், தான் போகாத இடங்கள், தான் வெட்டிய பட்ஜெட். அவருக்கு வேண்டிய பாடம் மாக்கின்டாஷின் கதையில் இருக்கிறது. அவருக்குக் கிடைப்பதோ எண்டூரன்ஸின் கதை மட்டும். எலிஃபன்ட் தீவில் கவிழ்த்த படகுகளுக்கு அடியில் 128 நாள் 21 பேரைக் கட்டிக்காத்த ஃபிராங்க் வைல்டும் பெரும்பாலான வகுப்புகளில் ஒரே வாக்கியத்தில் முடிந்துபோகிறார். அவர் தலைவரின் கீழிருந்து தலைமை தாங்கியவர். நம்மில் பெரும்பாலோரின் நிலையும் அதுதான்.

ராஸ் கடல் குழுவில் கடைசியாக உயிரோடு இருந்தவர் டிக் ரிச்சர்ட்ஸ். இருபத்தோரு வயதில் சேர்ந்த ஆஸ்திரேலியர். 1985 வரை வாழ்ந்தார். யாருமே வந்து எடுக்காத உணவுக்காகப் பட்ட பாடு வீண் அல்ல என்றே முதுமையிலும் கருதினார். அப்படிச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. வண்டியை இழுத்தவர் அவர். அந்த உரிமை ஷாக்கிள்டனுக்கு இல்லை, அவர் பெயரில் வகுப்பு எடுக்கிறவர்களுக்கும் இல்லை. ஒருவரைக்கூட இழக்கவில்லை என்ற வாக்கியத்தை அவர்கள் திருத்திக்கொண்டால், ஸ்பென்சர்-ஸ்மித், மாக்கின்டாஷ், ஹேவர்ட் என்ற மூன்று பெயர்களுக்கும், அவர்களை அனுப்பிய முடிவுகளுக்கும் வகுப்பில் இடம் கிடைக்கும்.