அரை மில்லிமீட்டர் நுட்பம்

கரிசல் மண் வெயிலில் பாளம் பாளமாய் வெடிக்கும் திருவேங்கடம் பக்கம், சித்திரை மாதத்தில் பழைய மாருதி 800-இன் ஏசி காலையில் குளிரும், உச்சிவெயிலில் கைவிட்டுவிடும். கேஸ் தீர்ந்துவிட்டது என்றே பலரும் நினைப்பார்கள். கைதேர்ந்த மெக்கானிக் முதலில் குனிந்து பார்ப்பது கம்ப்ரசர் கிளட்ச்சைத்தான்.

எஞ்சின் ஓடும்வரை புல்லி சுழன்றுகொண்டே இருக்கும். ஏசியைப் போட்டதும் 12 வோல்ட் மின்சாரம் காயிலைக் காந்தமாக்கும். அது முன்தட்டை ‘டக்’கென்று இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்க, கம்ப்ரசர் ஓடத் தொடங்கும். ஏசி ஓடாதபோது தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இடைவெளி. ஆண்டுக்கணக்கில் தேய்ந்து தேய்ந்து அது அகலும். சூடேறிய காயிலில் மின்தடை கூடி, இழுவிசை குறையும். அகன்ற இடைவெளியைத் தாண்டிக் காயிலால் தட்டை இழுக்க முடியாது.

பல கம்ப்ரசர்களில் வைத்தியம் எளிது. தட்டைக் கழற்றி, பின்னாலுள்ள மெல்லிய ஷிம் வளையங்களில் ஒன்றை எடுத்துவிட்டு, பூட்டி, ஃபீலர் கேஜால் சுற்றிலும் அளக்க வேண்டும். கேஸைத் திறந்துவிட வேண்டியதில்லை. இடைவெளி அளவுக்குமீறிக் குறைந்தால் தட்டு ஓயாமல் உரசித் தீய்ந்துபோகும். அந்த அளவு தெரிந்த கைதான் தொழில் தெரிந்த கை.

மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இத்தகைய பழைய வண்டிக்குக் கம்ப்ரசரையே மாற்றச் சொல்வது சுலபம். ஒரு வளையத்தில் தீர்வு காண்பவருக்கே என் வணக்கம்.