பேச முடியாத பிள்ளையின் பேச்சு: ‘ஸ்பீக்’ நாவலை முன்வைத்து

அமெரிக்க எழுத்தாளர் லோரி ஹால்ஸ் அண்டர்சனின் ‘ஸ்பீக்’ 1999இல் வெளிவந்த நாவல். நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையும் மெலிண்டாதான் கதைசொல்லி. முந்திய கோடை விடுமுறையில், ஒரு விருந்தில் மூத்த மாணவன் அண்டி எவன்ஸ் அவளைப் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்துகிறான். அவள் பொலிசுக்குத் தொலைபேசி எடுக்கிறாள், பேச்சு வரவில்லை. பொலிஸ் வந்து விருந்து கலைகிறது. ஏன் அழைத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. காட்டிக் கொடுத்தவள் என்ற பெயர்தான் மிச்சம். உயிர்த் தோழி ரேச்சலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இந்நாவலின் பெரிய பலம் கதைசொல்லும் முறை. வெளியே வாய் திறக்காத இந்தப் பிள்ளை நம்மிடம் ஓயாமல் பேசுகிறாள். ஆசிரியர்களுக்குப் பட்டப்பெயர் வைக்கிறாள். தன் உடுப்புக்கும் பகல் சாப்பாட்டுக்குங்கூட ரிப்போர்ட்டில் புள்ளி போடுகிறாள். அத்தனை நக்கல்! ஆனால் அந்த இரவை மட்டும் நம்மிடமும் நெடுநேரம் மறைக்கிறாள். அண்டியைப் பெயர் சொல்லாமல் ‘அது’ என்கிறாள். உள்ளே ஓடும் பேச்சுக்கும் வெளியே தெரியும் மௌனத்துக்கும் இடையிலான தூரம் குறைவதையே அவளது மனவளர்ச்சி என்று நான் வாசிக்கிறேன்.

அந்தத் தூரம் படிப்படியாகத்தான் குறைகிறது. சித்திர ஆசிரியர் ஃப்ரீமன் வருடம் முழுவதற்கும் அவளுக்குக் கொடுக்கும் விடயம் ‘மரம்’. அது சரியாக வருவதேயில்லை. ஆனால் வான்கோழி எலும்புகளை ஒட்டி, வாயில் டேப் ஒட்டிய பொம்மைத் தலையை அதில் வைக்கும்போது, சொல்லுக்கு முன்னரே வலி உருவம் பெறுகிறது. பிறகு கழிவறைச் சுவரில் அவனுடைய பெயரை எழுதுகிறாள். பின்னர் நூலகத்தில் ரேச்சலுக்குத் தாளில் எழுதிக் காட்டுகிறாள். ரேச்சல் முதலில் நம்ப மறுக்கிறாள். என் கணக்கில் நாவலின் உச்சம் இதுதான். நம்பப்படாமல் போனாலும் சொன்னவள் இடிந்து விழவில்லை.

முடிவில்தான் எனக்குக் குறை தெரிகிறது. அண்டி மறுபடியும் அவளைத் தாக்க வருகிறான். அவள் கத்துகிறாள், உடைந்த கண்ணாடித் துண்டை அவன் கழுத்தில் வைக்கிறாள், மாணவிகள் ஓடி வருகிறார்கள். வாசகருக்கு ஆறுதல்தான். ஆனால் குற்றவாளி திரும்பி வந்து தோற்றால்தான் காயம்பட்டவளுக்குக் குரல் கிடைக்கும் என்றால், அவன் திரும்பி வராத பிள்ளைகள் என்ன செய்வது? சுவரிலும் தாளிலும் அவள் எடுத்த துணிச்சலை இந்தச் சண்டைக் காட்சி கொஞ்சம் மங்கச் செய்துவிடுகிறது. நல்லவேளை, நாவல் அங்கே முடியவில்லை. சித்திர அறையில், மரத்தை முடித்த பிறகு, ஃப்ரீமனிடம் அவள் பேசத் தொடங்கும் இடத்தில் முடிகிறது.

ஆசிரியர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டிய நூல் இது. மெலிண்டாவின் பெற்றோரும் அதிபரும் ஆலோசகரும் கூட்டம் வைத்து, புள்ளி ஏன் குறைந்தது, வரவு ஏன் குறைந்தது என்று விசாரிக்கிறார்கள். அவள் வாயடைத்து இருக்கிறாள். அதைப் பிடிவாதம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஃப்ரீமன் துருவவில்லை, வேலையைக் கொடுத்தார், காத்திருந்தார், கதவைத் திறந்து வைத்தார். எங்கட வகுப்புகளில் பேசாத பொம்புளப் பிள்ளைக்கு ‘அமைதியானவர், அடக்கமானவர்’ என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையொப்பம் வைக்கிறோம். அடுத்த தவணை பேனாவை எடுக்க முன், அந்தப் பிள்ளை முதலிலிருந்தே அப்படியா, இடையில் அப்படி ஆனதா என்று ஒருமுறை யோசித்துப் பார்ப்போம்.