சக்களத்திச் சண்டையும் நாஞ்சில் சிரிப்பும்

ஒருவனுக்கு இரண்டு பெண்டாட்டி. இந்த முடிச்சை வைத்து ஊரைச் சிரிக்க வைப்பது தமிழ் மேடைக்குப் பழக்கமான வேலை. நாஞ்சில் நாட்டாருக்கோ அது அத்துப்படி. ஆனால் சிரிப்பு யார் தலையில் விழுகிறது? என் உரைகல் அது ஒன்றுதான்.

இதற்கு மூலப் பள்ளிக்கூடம், உழவர் வாழ்வைப் பாடும் பள்ளு. நம் பக்கத்துத் தாமிரபரணிக் கரையில் பிறந்த முக்கூடற் பள்ளில் குடும்பனுக்கு மூத்தவள் முக்கூடலாள், இளையவள் மருதூராள். மூத்தவள் அழகருக்கு அடியாள், இளையவள் சிவனுக்கு. புருஷனைப் பங்கு போடத் தொடங்கிய ஏச்சு மெல்லச் சாமிகள்மேல் ஏறுகிறது. சைவமும் வைணவமும் வயல்வரப்பில் நின்று குழாயடிச் சண்டை போடுகின்றன! மூத்தவள் முறையிட, குடும்பன் தொழுமரத்தில் மாட்டப்படுகிறான். மாட்டிவிட்டவளே மனமிரங்கி அவனை மீட்கவும் செய்கிறாள். எனக்குப் பிடித்த இடம் பண்ணைக்காரன் வரவு. அவன் கோலத்தை வர்ணிக்கிற சாக்கில் அதிகாரம் அங்கே தோலுரிகிறது. உழுதவர்களையே வேடிக்கைப் பொருளாக்கிய குற்றமும் பள்ளுக்கு உண்டு, மறைப்பதற்கில்லை.

சங்கரதாஸ் சுவாமிகளின் ‘பவளக்கொடி’ வேறு வழி. மகன் புலந்திரன் கேட்ட பவளத்தேரைத் தேடிப் போன அர்ச்சுனன், பவளக்கொடியையும் கட்டிக்கொள்கிறான். வீட்டிலிருப்பவளோ மதுரையை ஆளும் அல்லி. பாட்டுக்கும் தர்க்கத்துக்கும் குறைவில்லை. ஆனால் சிரிப்பைப் பபூனிடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டதால் அர்ச்சுனன் கேலிக்குத் தப்பிவிடுகிறான். எனக்கு இதில் மனக்குறை உண்டு.

தோல்பாவைக் கூத்தில் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ராமாயணத்துக்கு நடுவே புகுந்து ஊர்க்கதை பேசுவார்கள். திரைக்குப் பின்னால் ஒரே தொண்டை. ஏசுபவர் குரலும் ஏச்சு வாங்குபவர் குரலும் அதிலிருந்துதான் வரவேண்டும். மூச்சு மாறும் இடம் தெரிந்தால் ஆட்டம் கெட்டது. இந்த அளவுகோல் கடுமையானது, மேடை நடிகர் பலர் இதில் தேறமாட்டார்கள்.

ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டில் பழகி, டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் வளர்ந்தவர். ‘கிந்தனார்’ காலட்சேபத்தில் நந்தனார் கதையின் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் ஆளை மாற்றினார்.

அந்த வித்தையை அவருக்கு முன்பே ஏட்டில் செய்துவிட்டவர் தேரூர்க் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ பேருக்குப் புராணம். உள்ளே ‘மாமி அரசியற் படலம்’, ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’. கதை சொல்பவள் குடும்பத் தலைவரான ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. முக்கோணம் எங்கே, அறுகோணம் எங்கே! மருமக்கள் வழியில் சொத்து சகோதரி மகனான மருமகனுக்குப் போகும், பெற்ற பிள்ளைக்கு மிஞ்சுவது உகந்துடைமை என்ற சிறு பங்கு. ஆகவே இங்கே சக்களத்திச் சண்டையின் வேர் ஆசையில் இல்லை, ஆவணத்தில் இருக்கிறது. சிரித்துக்கொண்டே படிக்கிறவனுக்கு வயிறு எரியும். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மருமக்கள் வழி ஒழிந்தது. அதற்கு முன்பே இந்தக் கேலி ஊர் வாயில் ஏறியிருந்தது.

அது மேடைக்கென்று எழுதப்பட்டதல்ல. ஆனாலும் வாய்விட்டுப் படித்தால் ஒரு பெண்ணின் ஓரங்க நாடகமாகவே கேட்கும். நம் குழுக்களில் யாராவது எடுத்து ஆடலாம். நாஞ்சில் பேச்சு சுத்தமாக வரும் ஒரு நடிகை போதும். காரணவர் மேடைக்கு வரவே வேண்டாம்.