கொடுத்தோரும் கொண்டோரும்: மலையகத் தேர்தல் மேடையின் மொழி

சொல் பொருளை உணர்த்துவதோடு அமைவதன்று. சொல்வோன் நிலையையும் கேட்போன் நிலையையும் உடன் உணர்த்துவது. இவ்வுண்மையைத் தமிழிலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே கண்டு கூறியுள்ளது. ஒரு பொருளைப் பிறரிடம் வேண்டும்போது வழங்கும் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் வகுத்துரைக்கின்றார். தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் வேண்டுகையில் ‘ஈ’ என்பான். ஒத்தவன் ஒத்தவனிடம் ‘தா’ என்பான். உயர்ந்தோன் தன்னிற் குறைந்தோனிடம் ‘கொடு’ என்பான். வேண்டப்படும் பொருள் ஒன்றேயாயினும், வினைச்சொல்லைக் கேட்ட அளவில் வேண்டுவோன் யாவன் என்பது புலனாகிவிடும்.

இன்றைய வழக்கில் இவ்வேறுபாடு பெரிதும் மறைந்துவிட்டது. எனினும், இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா முதலிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே நிகழும் தேர்தற் பிரசாரத்தைக் கூர்ந்து நோக்குவார்க்கு, இவ்விலக்கணம் வேறொரு வடிவில் உயிரோடிருத்தல் தெரியவரும். தேர்தல் மாதத்தில் வேட்பாளர் வாக்காளரை நோக்கி, “உங்கள் வாக்கைத் தாருங்கள்” என்கின்றார். அஃது ஒத்தார் கூற்று. தேர்தல் முடிந்தபின் அவரே, “சம்பள உயர்வைப் பெற்றுக் கொடுத்தோம், வீட்டைக் கட்டிக் கொடுத்தோம், பாதையைப் போட்டுக் கொடுத்தோம்” என்கின்றார். மாற்றணியினரைப் பழிக்கப் புகுந்தாலோ, “காட்டிக் கொடுத்தனர், விட்டுக் கொடுத்தனர்” என்கின்றார். புகழுக்கும் பழிக்கும் வினை ஒன்றே. இவ்வாக்கியங்களில் எழுவாய் என்றும் தலைவர். தோட்டத் தொழிலாளியோ நான்காம் வேற்றுமைக்கு உரியவராய், கொடைப்பொருளை ஏற்பவராய், வாக்கியத்தின் நடுவே நிற்கின்றார்.

இம்மொழி வெறும் அகந்தையாற் பிறந்ததெனல் பொருந்தாது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைக்கு ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாகச் சென்ற பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வாணிப அமைச்சரானார். 1936இல் அதே ஆசனத்தில் தொழிற்சங்கவாதியும் ‘தேசபக்தன்’ இதழாசிரியருமான கோ. நடேசய்யர் அமர்ந்தார். 1947இல் இலங்கை இந்தியர் காங்கிரஸின் சார்பில் சௌ. தொண்டமான் நுவரெலியாவிலும், கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலும் வெற்றி பெற்றனர். அதுகாறும் மலைநாட்டுத் தொழிலாளர், பல தடைகளுக்கிடையிலேனும், வாக்களித்துத் தம் பிரதிநிதியைத் தெரிந்தனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், அதன்பின் 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அந்நிலையை அடியோடு மாற்றின. 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவர்தம் குரல் பாராளுமன்றத்திற்குச் செல்லவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் தீர்க்கப்படும் என ஒத்திவைக்கப்பட்டது. பகுக்கப்பட்டவரிடம் எவரும் ஒன்றும் கேட்டிலர். தொண்டமானே 1960இலும் 1965இலும் நியமன உறுப்பினராகவன்றி வாக்கினால் அவைக்குச் செல்ல இயலவில்லை. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாம் உறுப்பினராக அவர் தெரிவானபோதே இடையறவு நீங்கிற்று. நாடற்றோர் சிக்கலை 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களே முடிவுக்குக் கொணர்ந்தன.

வாக்கற்ற மக்களுக்கு அந்நெடிய காலத்தில் எஞ்சியிருந்தது தொழிற்சங்கம் ஒன்றே. சங்கத் தலைவர் கொழும்புக்குச் சென்று முதலாளிமாரோடும் அமைச்சரோடும் வாதாடி, கிடைத்ததைக் கொண்டுவந்தார். ஆதலின் ‘பெற்றுக் கொடுத்தல்’ அக்காலத்தில் உண்மையை உள்ளவாறு கூறிய சொல்லேயாகும். குற்றம் அச்சொல் பிறந்ததிலன்று. வாக்குரிமை மீண்ட பின்னரும் அது மாறாதிருந்ததிலேயே உள்ளது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்புரை, இறைமை மக்களிடத்தே உள்ளதென்றும், வாக்குரிமை அவ்விறைமையின் பகுதியென்றும் விதிக்கின்றது. அவ்விதிப்படி ‘கொடு’ என்று பணிக்கும் உயர்ந்தோன் வாக்காளனே. மேடை மொழியோ அவனை இன்றும் ‘ஈ’ என்று இரப்போனாகவே வைத்திருக்கின்றது.

இம்மொழி நிலைத்து நிற்றற்குத் தேர்தல் முறையும் ஒரு காரணமாகும். 1989ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல் விகிதாசார முறையோடு விருப்பு வாக்கும் நடைமுறைக்கு வந்தது. வாக்காளர் முதலிற் கட்சிக்குப் புள்ளடியிட்டு, பின்னர் அக்கட்சிப் பட்டியலிலுள்ளோருள் மூவர் வரையிலானோர்க்குத் தம் விருப்பைத் தெரிவிக்கலாம். பட்டியலிற் பதவியிலுள்ளோரும் புதியோரும் அருகருகே நிற்பர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முதனிலைத் தேர்தல் செய்யும் பணியை இங்கே விருப்பு வாக்குச் செய்தல் கூடும். 2018இல் நியூயோர்க் நகரிற் பத்து முறை வென்றிருந்த ஜோசப் குரோலி என்னும் உறுப்பினரை, அவர் கட்சியின் ஆதரவாளரே முதனிலைத் தேர்தலில் நீக்கி, அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ் என்னும் இளம் பெண்ணைத் தெரிந்தனர். கட்சியை விடாமலே உறுப்பினரை மாற்றும் உரிமை அது. அவ்வுரிமையின் வித்து விருப்பு வாக்கிலும் உண்டு.

ஆனால் நுவரெலியா மாவட்டத்தில் அவ்வித்து முளைத்த விதம் வேறு. பல்லின மாவட்டமொன்றிற் பெருங்கட்சிப் பட்டியலில் தமிழ் வேட்பாளர் சிதறாது வெல்லவேண்டின், மூன்று விருப்பையும் மூன்று தமிழர்க்கே இடும்படி மக்களை வேண்டுதல் இயல்பு. தமிழ் முற்போக்குக் கூட்டணி 2015இலும் 2020இலும் இவ்வகையில் மும்மூன்று ஆசனங்களை வென்றது. அரசியற் கணக்காக நோக்கின் இது நுட்பமான வெற்றியே. எனினும் அதன் விளைவாக, மூவர் யாவர் என்னும் வினா வாக்குச் சாவடியில் எழாமல், வேட்பு மனுக் குழுவின் அறையிலேயே தீர்ந்துவிடுகின்றது. 2015இல் பழனி திகாம்பரம், வே. இராதாகிருஷ்ணன், ம. திலகராஜ் என்னும் மூவர் தெரிவாயினர். 2020இல் திலகராஜுக்கு வேட்பு மனு வழங்கப்படவில்லை; மூன்றாம் இடத்தில் ம. உதயகுமார் நின்று வென்றார். இருவருள் எவர் தகுதியுடையார் என்பது ஈண்டு ஆராய்ச்சியன்று. பதவியிலிருந்த ஓர் உறுப்பினரைத் தொடர்தல் வேண்டுமா, மாற்றுதல் வேண்டுமா என்பதை அவர்க்கு வாக்களித்த மக்கள் தீர்மானிக்க வாய்ப்புண்டாகவில்லை என்பதே கருதற்பாலது. மாற்றுக் கட்சியிலும் நிலை இதுவே. 2020 மே மாதத்தில் ஆறுமுகன் தொண்டமான் மறைந்தார்; சில மாதங்களுள் அவர் மகன் ஜீவன் தொண்டமான் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட விருப்பு வாக்குகளோடு தெரிவானார். மக்கள் அன்பு அதில் உண்டு; ஐயமில்லை. ஆயினும் தெரிவுக்கு முன்னரே தெரிவு முடிந்திருந்தது.

ஒரே பட்டியலில் நிற்போர்க்குக் கொள்கை வேறுபாடு இல்லை, இருப்பினும் கூறுதற்கில்லை. ஆகவே போட்டி முழுவதும் ‘யார் கொடுத்தார்’ என்னும் ஒரு வினாவிற் குவிகின்றது. தனிவீட்டுத் திட்டம் இதற்குத் தக்க சான்று. 2015இற்குப் பின்னர் லயன் குடியிருப்பினின்றும் குடும்பங்களை வெளியேற்றி, ஏழு பேர்ச் காணியில் தனிவீடு அமைக்கும் முயற்சி விரைவு பெற்றது. 2017 மே மாதம் நோர்வூட்டில் நிகழ்ந்த பெருங்கூட்டத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். நிதி பிற நாட்டினது, நிலம் அரசினது, அந்நிலத்தைக் காடழித்துத் தோட்டமாக்கியது குடியிருப்போரின் பாட்டன், பூட்டன்மாரின் உழைப்பு. இவ்வளவும் இருக்க, மேடையிற் கொடுத்தவர் ஒருவரே. மற்றவர், “இல்லை, யாமே முதலிற் கொடுத்தோம்” என்பார். பெறுவோர்க்கு அக்காணியின் உறுதி கையிற் கிடைத்ததா என்னும் வினாவை இவ்வாதம் மூடிவிடுகின்றது.

சம்பளச் சொல்லாட்சி இதனினும் நுண்ணியது. ‘ஆயிரம் ரூபா’ என்னும் முழக்கம் 2015இல் எழுந்தது. 2016இன் கூட்டு ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 500 ரூபாவாக்கி, ஏனைய கொடுப்பனவுகளைச் சேர்த்து 730 ரூபா என்றது. 2019இல் அடிப்படை 700 ஆயிற்று. 2021இல் சம்பள நிர்ணய சபை 900 ரூபாவும் 100 ரூபா கொடுப்பனவுமாக ஆயிரத்தை விதித்தது. ஆறாண்டுக் காலம் மேடைகளில் ஒலித்த தொகை அடிப்படைச் சம்பளமா, அன்றி எல்லாம் சேர்ந்த தொகையா என்பது இடத்துக்கிடம் மாறிற்று. கணக்கை அறிந்தவர் தொழிலாளியே. குறித்த நிறைக்குக் கொழுந்து பறியாவிடின் அன்று ‘அரைப்பேர்’ விழும் என்பதை அவர் அறிவார். ‘கைக்காசு’ வேலையில் நாட்சம்பளம் என்பதே இல்லை என்பதையும் அறிவார். ‘பெற்றுக் கொடுத்த’ தொகையை நாள்தோறும் நிறுவைத் தராசில் மறுபடியும் ஈட்டவேண்டியவர் அவரே. அன்றியும், அவர் சம்பளத்தினின்று மாதந்தோறும் சங்கத்துக்குச் சந்தா கழிக்கப்பட்டு வந்தது. எனவே தலைவர்க்கும் தொழிலாளிக்கும் இடையே உண்மையிற் கொடுத்தவர் யார் என்று கணக்கிட்டால், மேடை வாக்கியத்தின் எழுவாய் இடம் மாறும்.

மக்களைச் சுட்டும் பெயரிலும் இப்போராட்டம் நிகழ்ந்துள்ளது. குடிசன மதிப்பில் 1911 முதல் ‘இந்தியத் தமிழர்’ எனத் தனியே எண்ணப்பட்டனர். 1939இல் எழுந்த இயக்கம் ‘இந்தியர் காங்கிரஸ்’ எனப் பெயர் கொண்டது. அதன் தொழிற்சங்கம் 1950இல் ‘தொழிலாளர் காங்கிரஸ்’ ஆயிற்று. குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களுக்கு ‘இந்தியர்’ என்னும் சொல் காப்பாகாமற் சுமையாயிற்று. அறுபதுகளில் ஹட்டனில் ஆசிரியத் தொழில் புரிந்த இர. சிவலிங்கம் முதலியோரும் அவர்தம் மாணவரும் ‘மலையகம்’ என்னும் சொல்லை எழுத்திலும் மேடையிலும் ஊன்றினர். பெ. சந்திரசேகரனின் மலையக மக்கள் முன்னணி அச்சொல்லைக் கட்சிப் பெயராக்கியது. 1994இல் அவர் பெற்ற ஓராசனமே ஆட்சியமைப்புக்குத் துணையாயிற்று. ‘தொழிலாளர்’ என்பது ஒரு வேலையின் பெயர். ‘மலையக மக்கள்’ என்பது ஒரு சமூகத்தின் பெயர். வேலைக்குச் சம்பளம் கேட்கலாம்; சமூகமோ நிலமும் கல்வியும் நிருவாகமும் கேட்கும். மலைநாட்டுக்கு வெளியே வாழ்வோரையும் சட்டத்தில் உள்ள ஏற்பாடுகளையும் கருதி ‘இந்திய வம்சாவளி’ என்னும் பெயரைக் கைவிடலாகாது என்போரும் உளர். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து முன்னோர் வழியை நினைவுகூர்ந்தோர் தம்மைத் தாமே ‘மலையக மக்கள்’ என்றே அழைத்தனர். பிறர் இட்ட பெயரன்றித் தாமே தமக்கு இட்ட பெயர் என்பதே அதன் சிறப்பு.

இங்ஙனம் கூறுவார்க்கு ஒரு தடை எழலாம். வறியோர்க்கு இலக்கணத்தால் ஆவதென்? வீடு கிடைத்தாற் போதாதா? கொடுத்தோம் என்றாலென்ன, செய்தோம் என்றாலென்ன? இத்தடை வலியதே. ஆயின், கொடை என்று கருதப்பட்டதை எவரும் கணக்குக் கேளார். கடமை என்று கருதப்பட்டதையே கேட்பர். கொடைக்கு மறுமொழி நன்றி; கடமைக்கு மறுமொழி வினா. உறுதி இல்லாத வீடும், ஆறாண்டு தாமதித்த ஆயிரமும், வாக்காளரைக் கேளாது எழுதப்பட்ட பட்டியலும் நன்றியாற் பொறுக்கப்பட்டன. எனவே இது சொல்லின் குறையாக மாத்திரம் நில்லாது வாழ்வின் குறையாகவும் முடிந்தது.

2024 நவம்பர்த் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனங்களுள் ஐந்தைத் தேசிய மக்கள் சக்தி வென்றது. பழைய தலைமைகளுக்கு எஞ்சியவை மூன்று. நுவரெலியாவிற் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகாவும் மலையகத் தமிழ்ப் பெண்டிருள் முதன்முறையாகப் பாராளுமன்றம் புகுந்தனர். கொழுந்து பறிக்கும் கைகளுட் பெரும்பாலன பெண்டிர் கைகளாயிருந்தும், இதற்கு இத்துணைக் காலம் சென்றது வியப்பேயாம். இம்மாற்றத்தைப் பலர் பலவாறு மதிப்பர். ஆள் மாறுதல் ஒன்று. வாக்கியம் மாறுதல் மற்றொன்று. புதியோரும் “பெற்றுக் கொடுத்தோம்” என்று தொடங்குவராயின், எழுவாயில் ஒரு பெயர் நீங்கி மற்றொரு பெயர் புகுந்ததன்றி வேறில்லை.

ஆகவே மலையகத் தேர்தல் மேடையை அளக்க எளிய அளவுகோல் ஒன்று உண்டு. பேச்சு முடிந்தபின் அதன் வாக்கியங்களை எடுத்து, எழுவாய் எது, வினை எது, நான்காம் வேற்றுமை ஏற்றது எது என்று வகுத்துக் காண்க. எட்டாம் வகுப்பு மாணாக்கன் செய்யக்கூடிய பயிற்சியே அது. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் இலக்கணம் கற்கும் பிள்ளைகள், தம் தாய் தந்தையர் வாக்கியத்தில் எவ்விடத்து நிற்கின்றனர் என்று வினவத் தொடங்குவராயின், வேட்பு மனு எழுதுவோர் அவர்களைக் கேளாது பட்டியல் இடுதல் அரிதாகும். ‘ஈ’ என்று நின்ற மக்கள் ‘தா’ என்றும், ஈற்றில் ‘கொடு’ என்றும் கூறக் கற்றலே குடியாட்சி மலையகத்தில் முழுமை எய்தும் நெறியாகும்.