மாளிகையின் வரலாறும் லயத்தின் வரலாறும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் எதனை நோக்குகின்றனர் என்பது திறனாய்வுக்குரிய வினாவாகும். தமிழ் மரபில் தோன்றிய தலபுராணங்கள் மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றின் சிறப்பினையும் விரித்துரைத்தன. அவ்வூரில் உழுதும் நெய்தும் வாழ்ந்த மக்களைப் பற்றி அவை பேசியது மிகக் குறைவு. ஆங்கில நாட்டுச் சிற்றூர் வரலாறுகள் வேறொரு நெறியில் வளர்ந்தன. எந்த நிலம் எப்போது எவர் கைக்கு மாறியது, எந்த வீட்டில் எக்குடும்பம் வாழ்ந்தது என்பவற்றை ஆவணம் கொண்டு தலைமுறைதோறும் தொடர்ந்து காட்டுவது அந்நெறி. 1899-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற விக்டோரியா மாவட்ட வரலாற்று வரிசை அதற்குத் தக்க சான்றாகும். அதன் துல்லியம் போற்றத்தக்கதே. எனினும் அதன் முதுகெலும்பு உடைமை. பத்திரம் உடையவன் பெயர் ஏட்டில் நிலைபெறும். பத்திரமின்றிக் குடியிருந்தவன் பெயர் எளிதில் நழுவும். பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களுக்கு அந்நெறியை அவ்வாறே பொருத்தினால் எஞ்சுவது யாது என்பதை ஆராய்தல் வேண்டும்.

ஈப்போவுக்குத் தெற்கே, பத்து காஜாவுக்கு அண்மையில் நிற்கும் கெல்லி மாளிகை இவ்வாய்வுக்கு ஏற்ற களம். ஸ்காட்லாந்தின் கெல்லாஸ் என்னும் சிற்றூரில் 1870-இல் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித், இருபது வயதளவில் மலாயாவுக்கு வந்தார். நில அளவைத் தொழில் நடத்திய ஆல்மா பேக்கருடன் சேர்ந்து பொருளீட்டினார். பின்னர்க் காடழித்து ரப்பர் பயிரிட்டார். தம் பிறந்தகத்தின் பெயரையே இல்லத்துக்கும் தோட்டத்துக்கும் சூட்டினார். 1915-இல் பெரியதொரு மாளிகையை எழுப்பத் தொடங்கினார். மின்தூக்கிக்கும் அதில் இடம் வகுக்கப்பட்டிருந்தது. 1926-இல் லிஸ்பன் நகரில் அவர் காலமாகவே, கட்டடம் முற்றுப்பெறாது நின்றது. இவை யாவும் இன்று அங்கு வருவோர்க்குச் சொல்லப்படுகின்றன. சுரங்க வழிகளைப் பற்றியும் ஆவிகளைப் பற்றியும் கதைகள் கூடச் சொல்லப்படுகின்றன.

அம்மாளிகையை எழுப்பியவர்களுள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் இருந்தனர். 1918-ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் பரவிய நச்சுக் காய்ச்சல் அவர்களுட் சிலரைக் கொண்டு சென்றது. எஞ்சியோர் மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டுமெனக் கேட்டனர் என்றும், ஸ்மித் அதற்கு இசைந்து உதவினார் என்றும் வழிவழியாகக் கூறுவர். பரவலாகச் சொல்லப்படும் அவ்வரலாற்றில் மாண்டவர்களுள் ஒருவர் பெயரேனும் இடம்பெறவில்லை. ஆனால் கோயிலின் மேற்றளத்தில், தெய்வ உருவங்களுக்கிடையே ஐரோப்பிய உடையணிந்த உருவமொன்று நிற்கிறது. அது ஸ்மித்தின் உருவம் என்பர். இதனை நன்றியுணர்வின் அடையாளம் என்று மட்டும் படித்து அமைதல் போதாது. தொழிலாளர் தம் தெய்வத்தின் இல்லத்தில் முதலாளிக்கு இடம் அளித்தனர். முதலாளியின் வரலாற்றிலோ அவர்கள் ‘கூலிகள்’ என்னும் ஒரு சொல்லாய் ஒடுங்கினர். இரு தரப்பும் ஒன்றையொன்று நினைவிற் கொண்ட முறையில் உள்ள இவ்வேற்றுமையே ஊர் வரலாறு எழுதுவோர் கருத வேண்டிய செய்தியாகும்.

இவ்வேற்றுமைக்கு வேர் லயத்தில் உள்ளது. லயம் தோட்டத்துக்கு உரியது. வேலை உள்ளவரை வீடு, வேலை நின்றால் வீடும் நீங்கும். கங்காணியின் வழி வந்த குடும்பம் மூன்று தலைமுறை ஒரே காம்பராவில் வாழ்ந்தாலும், அவ்வாழ்வுக்கு நிலப் பத்திரம் சான்று கூறாது. 1950-களில் வெள்ளையர் தோட்டங்கள் பல கைமாறித் துண்டாடப்பட்டபோது லயங்கள் கலைந்தன. அத்துயருக்கு மாற்றாகத் துன் சம்பந்தனின் முயற்சியால் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் நிலத்தின் உரிமையாளர் பெயர் முறையாகப் பதிவாயிற்று. வெளியேறிய குடும்பங்கள் எங்குச் சென்றன என்பதற்கோ அத்தகைய ஏடு இல்லை.

சுங்கை சிப்புட் வட்டாரத்து எல்பில் தோட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். 1948 ஜூன் 16 அன்று அத்தோட்டத்தின் துரை ஆர்தர் வாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே நாளில் அவ்வட்டாரத்தின் மற்றொரு தோட்டத்தில் மேலும் இரு ஐரோப்பியர் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டதை விளக்கும் நூல்கள் இம்மூவரின் பெயரையும் தவறாது குறிக்கின்றன. அன்று அங்குப் பால்வெட்டிக்கொண்டிருந்தோர் எவர், அந்நாளுக்குப் பின் அவர்தம் வாழ்வு என்னவாயிற்று என்பதை அந்நூல்களில் தேடுவோர்க்குக் கிடைப்பது சொற்பமே.

வரலாற்று நூல் விட்ட இடத்தை இலக்கியம் நிரப்பிற்றா என்பது அடுத்த வினா. ஓரளவு நிரப்பிற்று எனலாம். தமிழகத்து அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ தோட்டத்து அவலத்தைக் கடல் கடந்த வாசகர்க்கும் உணர்த்தியது. அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ இடத்தின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி, சிலாங்கூர் மண்ணின் ஒரு காலக்கட்டத்தை நிலைநிறுத்தியது. ஆயினும் தோட்டச் சிறுகதைகளுட் பெரும்பாலானவற்றின் பொதுக்குறை ஒன்றைச் சுட்டாதிருத்தல் இயலாது. அவற்றில் வரும் தோட்டம் எங்கும் இருக்கக்கூடிய தோட்டம். கொடிய கங்காணி, குடிகாரத் தந்தை, படிக்க ஏங்கும் பிள்ளை என்னும் வார்ப்புகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. பிரட்டுக் களம் எத்திசை நோக்கியது, ஆயாக்கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்தவர் எவர், ஆற்றில் வெள்ளம் வந்தால் எந்த லயம் முதலில் முழுகியது என்பவை வருவதில்லை. துன்பம் பொதுவாகச் சொல்லப்படும்போது இரக்கம் பிறக்கும். இடமும் பெயரும் கூடும்போதுதான் அது சான்றாகும். ஆவணமற்ற மக்களுக்கு இலக்கியமே ஆவணம் என்னும் நிலையில் இக்குறை சிறிதன்று.

இக்குறையைக் களையும் வாய்ப்பு தமிழ்ப்பள்ளிகளிடம் மிகுதி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டுமென 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வழி வந்த பள்ளிகள் பல இன்றும் தோட்டப் பெயரையே தாங்குகின்றன. எல்பில் தோட்டத் தமிழ்ப்பள்ளி அவற்றுள் ஒன்று. பழைய சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரோடு தந்தையின் பெயரும் இருக்கும். கோயில் உபயக் கல்வெட்டிலும், இடுகாட்டுக் கல்லிலும், முதியோர் நினைவிலும் மேலும் பல பெயர்கள் இருக்கும். ஆசிரியர் வழிகாட்ட, மாணவர் தம் பாட்டன் பாட்டியரைக் கேட்டு, லயத்தின் வரைபடத்தைத் தீட்டி, ஒவ்வொரு கதவுக்கும் நேராக அங்கு வாழ்ந்தவர் பெயரை எழுதுவாராயின், ஆங்கிலச் சிற்றூர் வரலாற்றின் துல்லியம் உடைமையற்றவர்க்கும் உரியதாகும். நாளைய நாவலாசிரியனுக்கும் அதுவே மூலமாகும்.

முற்றுப்பெறாத மாளிகையைக் காக்க அரசு உண்டு. காண வருவோர் உண்டு. லயத்தை நினைவில் வைத்திருப்போரோ முதுமை எய்தி ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். அவர்கள் வாய்மொழி ஏட்டில் ஏறுவதற்கு எஞ்சியுள்ள காலம் குறுகியது.