சுங்குடியில் அண்டூ கிடையாது

ஸ்வெட்டரில் கேபிள் பின்னல் தப்பாக முறுக்கினால், அந்தச் சில லூப்பை மட்டும் அவிழ்த்து மறுபடி பின்னலாம். மதுரைச் சுங்குடியில் அந்த வசதி இல்ல. துணியை நகநுனியில் கிள்ளி, நூல் சுற்றி, சாயத்தில் முக்குவார்கள். முடிச்சு தளர்ந்தால் உள்ளே சாயம் ஏறிடும்; புள்ளி போச்சு. அவிழ்க்கும்வரை தெரியவும் தெரியாது. அதனால் காபந்து எல்லாம் சுற்றும்போதே.

ஸ்கிரீன் பிரிண்டில் இந்தப் பயமே இல்ல. எல்லாப் புள்ளியும் ஒரே அச்சு. எனக்கு அதுதான் குறை. 2005ல் புவிசார் குறியீடு வாங்கிய பேரு, கடையில் பிரிண்டுக்கும் சேர்த்தே ஓடுது. கட்டின சேலையில் புள்ளி கோணலா இருந்தா 'டேமேஜ்'னு விலை குறைக்கிறாங்க. கோணல் டேமேஜ் இல்லங்க, அது விரல். சாயம் ஏறி மூடிப்போன புள்ளிதான் டேமேஜ். அதைத் தேடிப் பாருங்க.