புனல் தரு புணர்ச்சி

"ஒருவர் உங்கள் புரொஃபைலைப் பார்த்திருக்கிறார்."

நான் எழுதியதிலேயே அதிகம் பேர் வாசித்த வாக்கியம் இதுதான். கதையிலோ கட்டுரையிலோ இல்லை. வரன் தேடும் ஆப் ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். இதை யாருக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில் அனுப்புவது என்று முடிவு செய்யும் கோட் என்னுடையது. 'ஒருவர்' மேல் தட்டினால் பணம் கட்டும் பக்கம் திறக்கும். இலக்கணப்படி வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது. அந்த எழுவாய்க்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்று என் கோடுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

சினிமாப் பாட்டைப் பிரதியாக எடுத்துப் பேசுகிறோம், மேடைப் பேச்சைப் பேசுகிறோம். நோட்டிஃபிகேஷனை யாரும் தொடுவதில்லை. ஆனால் காதலையும் கல்யாணத்தையும் பற்றி இன்று ஒரு சாதாரண ஆள் தினமும் வாசிக்கும் வரிகள் அங்கேதான் இருக்கின்றன. அதனால் இந்த வாக்கியத்தையும், அதைப் பெற்றெடுக்கும் வடிவத்தையும் கொஞ்சம் உட்கார்ந்து வாசித்துப் பார்க்கலாம்.

அந்த வடிவத்துக்கு எங்கள் தொழிலில் 'ஃபனல்' என்று பெயர். கெமிஸ்ட்ரி லேப்பில் பார்த்த அதே புனல். மேலே அகன்ற வாயில் விளம்பரம் கண்ணில் பட்டவர்கள். அப்புறம் கிளிக், இன்ஸ்டால், பதிவு, போட்டோ ஏற்றுதல், கடைசியில் பணம். ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்வார்கள். உதிர்வதைக் குறைப்பது வேலையில் ஒரு பாதி. மேலே ஊற்றுவதைக் கூட்டுவது மறுபாதி. அதைத்தான் 'ஸ்கேல் பண்றது' என்போம்.

ஊற்றுவதைக் கூட்டுவது அவ்வளவு சுலபமில்லை. எளிதில் வரக்கூடியவர்கள் முதலிலேயே வந்துவிடுவார்கள். பட்ஜெட்டை இரண்டு மடங்காக்கினால் ஆட்கள் இரண்டு மடங்காவதில்லை. அதே முகங்களுக்கு அதே விளம்பரம் திரும்பத் திரும்பப் போய்ச் சலித்துவிடும். ஆகவே யாரைத் தேடுவது என்பதை மெஷினிடம் விட்டுவிடுகிறோம். நாம் அதற்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எது வெற்றி? பதிவு செய்வதை வெற்றி என்று சொன்னால், பதிவு செய்யக்கூடியவர்களைத் தேடிக் கொண்டுவரும். பணம் கட்டுவதைச் சொன்னால், பணம் கட்டக்கூடியவர்களைக் கொண்டுவரும்.

கல்யாணம் ஆவதுதான் வெற்றி என்று சொன்னால்?

அங்கேதான் சிக்கல். ஃபேஸ்புக்கின் விளம்பரக் கருவி வழக்கமாக, கிளிக் செய்த 7 நாளுக்குள் நடப்பதைத்தான் அந்த விளம்பரத்தின் கணக்கில் சேர்க்கும். நிலையாகக் கற்றுக்கொள்ள அதற்கு வாரத்துக்குச் சுமார் 50 வெற்றிகள் காட்டப்பட வேண்டும். ஒரு சம்பந்தம் கூடிவர ஒரு வருடம் ஆகலாம். அந்த 7 நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தால் கிரெடிட் கார்டு தெரியும், கல்யாணம் தெரியாது.

எங்கள் ஆப்பில் கணக்கை அழிக்கும்போது காரணம் கேட்போம். 'திருமணம் நிச்சயமாகிவிட்டது' என்று ஒரு தேர்வும் இருந்தது. அது டேட்டாபேஸில் ஒரு காலத்தில் போய்ச் சேர்ந்தது. அதை எந்த ரிப்போர்ட்டும் வாசித்து நான் பார்த்ததில்லை. மாதாந்திர மீட்டிங்கில் காட்டுவது 'சர்ன்', அதாவது எத்தனை பேரை இழந்தோம் என்பது மட்டும். வெறுத்துப்போய் வெளியேறியவரும் தாலி கட்டி வெளியேறியவரும் அதில் ஒரே சிவப்புக் கோடு.

இதில் வில்லன் என்று யாரையும் நிறுத்த முடியாது. ஆனால் மெஷின் என்ன கற்றுக்கொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள். மறுபடி மறுபடி சந்தா கட்டுவது யார்? இன்னும் கிடைக்காதவர்கள். அவர்களைப் போன்றவர்களை இன்னும் கொண்டு வா என்றுதான் நாம் அதனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019-இல் மேட்ச் குரூப் மீது வழக்குப் போட்டது. உங்கள் மீது ஒருவருக்கு ஆர்வம் என்று, சந்தா கட்டாதவர்களுக்கு மெயில் போனது. அந்த 'ஒருவர்' மோசடிக் கணக்காக இருக்கலாம் என்று நிறுவனமே சந்தேகித்துக் குறித்துவைத்திருந்தும் மெயில் போனது என்பது ஒரு குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. அந்தக் குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மற்றவை 2025-இல் 1.4 கோடி டாலர் கொடுத்து சமரசமாயின. சட்டத்தை விடுங்கள். வாக்கியத்தைப் பாருங்கள். அது என் வாக்கியம்தான், வேறு மொழியில்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு" என்பது நம் ஊர்ப் பழமொழி ஆச்சே, இதில் என்ன புதுசு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அகப்பொருள் மரபிலேயே 'புனல் தரு புணர்ச்சி' என்று ஒன்று உண்டு. வெள்ளத்தில் போன தலைவியைத் தலைவன் பாய்ந்து மீட்டான், அப்படித்தான் உறவு பிறந்தது என்று தோழி செவிலியிடம் சொல்வாள். அது தோழி கட்டிய கதையாகவும் இருக்கலாம். ஆனால் அவள் அதைச் சொல்வது வேறு இடத்துக்குப் பெண்ணைக் கொடுத்துவிடாமல் அந்த இருவரையும் சேர்த்துவைக்க. தரகர் கதையும் அப்படித்தான். அவர் சாதி பார்ப்பார், மாப்பிள்ளையின் குடிப்பழக்கத்தை மறைப்பார். அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. ஆனாலும் முழுக் கமிஷன் அவர் கைக்கு வருவது கல்யாணம் முடிந்த பிறகு. அவர் கதைக்கு ஒரு முடிவு இருந்தே ஆக வேண்டும். சந்தாவில் பணம் முதலிலேயே வந்துவிடுகிறது. முடிவு வந்தால் நஷ்டம். ஆயிரம் பொய்யும் அப்படியே இருக்கிறது, அந்த ஒரு கல்யாணம்தான் கணக்கிலிருந்து கழன்றுவிட்டது.

மாற்று முயற்சியே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹிஞ்ச், நம்பர் பரிமாறிக்கொண்டவர்களிடம் "சந்தித்தீர்களா?" என்று கேட்கும் வசதியை 2018-இல் கொண்டுவந்தது. அடுத்த வருடம், அழிக்கப்படுவதற்காகவே உருவாக்கிய ஆப் என்று தன்னை விளம்பரம் செய்தது. நல்ல கேள்வி, நல்ல வாசகமும்கூட. ஆனால் அந்த வாசகத்தையும் அளந்தது எத்தனை பேர் இன்ஸ்டால் செய்தார்கள் என்பதை வைத்துத்தான் என்று ஒரு இன்ஜினியராக எனக்குத் தோன்றுகிறது. வேறு எதை வைத்து அளப்பார்கள்?

போன வருடத்துக்கு முந்தின தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மா மகளுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. அடுப்படியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து போனை நீட்டினாள்.

"டேய், நீ இந்த கம்பெனிலதானே இருக்க? யாருடா இந்த ஒருத்தரு? நிஜமாவே பாத்திருக்காங்களா?"

"தெரியலக்கா" என்றேன். அது பாதி உண்மை. ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வரி ஏன் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தது என்று தெரியும். சந்தா முடிந்து 20 நாள் ஆனவர்களுக்கு அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது என் கோட்தான். அக்கா அதற்குள் மூன்று தடவை கட்டியிருந்தாள்.

ஊரிலிருந்து திரும்பியதும் அந்தப் பழைய காலத்தை ஃபனலின் கடைசிப் படியாகச் சேர்க்கலாம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். "நல்ல ஐடியா, அடுத்த குவார்ட்டர் பார்க்கலாம்" என்றார்கள். நான் அங்கிருந்து வந்து ஒரு வருடம் ஆகிறது. அந்த ஜாப் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

இத்தனை வார்த்தையில் நான் செய்ய முயன்ற விமர்சனத்தை அக்கா ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். உங்கள் போனுக்கும் அந்த வரி வந்தால், தட்டுவதற்கு முன்னால் அவள் கேட்டதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: யாருடா இந்த ஒருத்தரு?